எழுத்தெண்ணிப் படித்த எலிசெபெத் அம்மையார்

கணினிப் பாதுகாப்பு என்றொரு துறை இன்று பெரிதாக வளர்ந்துள்ளது. வங்கிக் கணக்கு முதல் மருத்துவமனைக் குறிப்பேடு வரை கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் போகும் செய்திகளைப் பிறர் கண்ணில் படாமல் காப்பது அதன் பணி. மேல்நிலை வகுப்பில் படிக்கும் நம் மாணவியர் பலருக்கு அதில் சேர ஆவல் இருக்கிறது. கூடவே ஒரு தயக்கமும் இருக்கிறது. கணிதத்தில் புலியாக இருந்தால்தான் முடியுமோ? அரிச்சுவடியிலிருந்து தொடங்கினால் எப்போது கரையேறுவது? அப்படித் தயங்கும் பெண்களுக்கு ஓர் அம்மையாரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அவர் காலத்தில் கணினி கிடையாது. ஆனால் செய்தியை மறைப்பதும் மறைத்ததைக் கண்டுபிடிப்பதும் உண்டு. அக்கலையில் ஒன்றுமே தெரியாமல் நுழைந்து, தம் நாட்டின் தலைசிறந்த நிபுணர்களுள் ஒருவராக விளங்கியவர் எலிசெபெத் ஸ்மித் ஃபிரீட்மன்.

1892 ஆம் ஆண்டு ஆகஸ்டு 26 ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹண்டிங்டன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தை குவேக்கர் மரபைச் சேர்ந்தவர், பால்பண்ணை வைத்திருந்தார். உயிரோடு வளர்ந்த ஒன்பது பிள்ளைகளில் எலிசெபெத் கடைக்குட்டி. பெயரை எழுதியிருக்கும் முறையைக் கவனித்தீர்களா? உலகம் எலிசபெத் என்று எழுத, அன்னை மட்டும் நடுவில் ஓர் எழுத்தை மாற்றி வைத்தார். எலிசா என்று யாரும் சுருக்கிக் கூப்பிடக் கூடாது என்பது அவர் எண்ணமாம். பிற்காலத்தில் எழுத்து எழுத்தாகப் பார்ப்பதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவருக்குத் தம் பெயரே முதற்பாடமாக அமைந்துவிட்டது!

மகள் கல்லூரிக்குப் போவதில் தந்தைக்கு விருப்பமில்லை. மகளோ விடுவதாக இல்லை. கடைசியில் தந்தை பணம் கொடுத்தார். ஆனால் கடனாக, நூற்றுக்கு ஆறு வட்டிக்கு! பெற்ற மகளிடம் வட்டியா என்று நம் தாய்மார் மூக்கில் விரலை வைப்பார்கள். எலிசெபெத் அந்தக் கடனை வாங்கிக்கொண்டே படித்தார். 1915 இல் மிச்சிகன் மாநிலத்து ஹில்ஸ்டேல் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றார். இலத்தீன், கிரேக்கம், ஜெர்மன் ஆகிய மொழிகளையும் கற்றிருந்தார். கணிதமோ பொறியியலோ அவர் சிறப்பாகப் பயின்ற பாடமல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் ஒரு பள்ளியில் ஓராண்டு பணியாற்றினார். மனம் ஒட்டவில்லை. 1916 ஆம் ஆண்டு கோடையில் வேலை தேடிச் சிகாகோ நகருக்குப் போனார். எங்கும் ஒன்றும் அமையவில்லை. ஊர் திரும்புமுன், நியூபெரி நூலகத்தில் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 ஆம் ஆண்டு முதற்பதிப்பு இருக்கிறதே, அதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவோம் என்று சென்றார். அந்த ஆசைதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது.

நூலகத்து அம்மையார் ஒருவர் இவருடைய ஆர்வத்தைக் கண்டு, ஜார்ஜ் ஃபேபியன் என்பவருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஃபேபியன் துணி வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். சிகாகோவுக்கு மேற்கே ஜெனீவா என்னும் ஊரில், ஆற்றங்கரையோரம் பெரிய தோட்டம் அமைத்து, அதற்கு ரிவர்பாங்க் என்று பெயரிட்டு, தமக்குப் பிடித்த ஆராய்ச்சிகளையெல்லாம் அங்கே நடத்தி வந்தார். தொலைபேசி வைத்த சற்று நேரத்தில் மோட்டார் வண்டியில் வந்து இறங்கி, எலிசெபெத்தைக் கையோடு அழைத்துப் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 23.

அங்கே அவருக்குக் கொடுத்த வேலை விந்தையானது. ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் உண்மையில் பிரான்சிஸ் பேக்கன் என்றும், அந்த இரகசியத்தை முதற்பதிப்பின் அச்செழுத்துகளுக்குள்ளேயே அவர் ஒளித்து வைத்திருக்கிறார் என்றும் எலிசபெத் வெல்ஸ் கேலப் என்ற மூதாட்டி நம்பினார். அதை நிறுவ அவருக்கு உதவியாக இருக்க வேண்டும். பேக்கன் ஒரு சங்கேத முறையை வகுத்தது உண்மைதான். அது வெகு எளிமையானது. ஒரே எழுத்தை இரண்டு விதமான அச்சில் வார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வகையை அ என்றும் மற்ற வகையை ஆ என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்தைந்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தால், அஅஅஅஅ என்று வந்தால் ஆங்கிலத்தின் முதல் எழுத்து, அஅஅஅஆ என்று வந்தால் இரண்டாம் எழுத்து. இரண்டே அடையாளங்களை ஐந்து இடத்தில் மாற்றி மாற்றி வைத்தால் 32 வகை கிடைக்கும். நெடுங்கணக்கு முழுவதற்கும் அது போதும். இன்றைய கணினி சுழியையும் ஒன்றையும் வைத்துக்கொண்டு எல்லா எழுத்தையும் எழுதுகிறதல்லவா? அதே தத்துவம்தான்.

எலிசெபெத் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தார். எழுத்துகளின் வளைவையும் காலையும் கொம்பையும் நாள்தோறும் பார்த்தார். கேலப் அம்மையார் எடுத்த விடை இவருக்கு வரவில்லை. அவர் எந்த எழுத்தை எந்த வகையில் சேர்த்தார் என்று கேட்டு வந்து பார்த்தால் மட்டும் விடை வந்தது. முதலில் தம் கண்ணில்தான் குறை என்று நினைத்தார். நாளடைவில் உண்மை விளங்கியது. பழங்காலத்து அச்சகத்தில் தேய்ந்த எழுத்தும் புது எழுத்தும் கலந்தே கிடக்கும். ஈரத்தாளில் மை பரவும். அந்தத் தற்செயலான வேறுபாடுகளைத்தான் மூதாட்டி செய்தியாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் பொய்யர் அல்லர். காண விரும்பியதைக் கண்டார், அவ்வளவே.

இல்லாத செய்தியைத் தேடிய அந்த மாதங்கள் வீண் என்று தோன்றலாம். என் எண்ணத்தில், அவர் பெற்ற பயிற்சிகளிலேயே அதுதான் சிறந்தது. ஒரு சங்கேதத்துக்கு விடை கண்டேன் என்று ஒருவர் சொன்னால், அதே முறையைக் கொண்டு இன்னொருவரும் அதே விடையை அடைய வேண்டும்; இல்லையேல் அது விடையல்ல. இந்த அளவுகோலை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தம்மைப் போற்றி உணவும் உறைவிடமும் தந்தவர்களின் நம்பிக்கைக்கு எதிராக நின்றே அதைக் கற்றார்.

அந்த ஐயத்தை அவர் முதலில் பகிர்ந்துகொண்டது வில்லியம் ஃபிரீட்மன் என்ற இளைஞரிடம். ருசியப் பேரரசில் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. செடிகளின் மரபியல் ஆராய்ச்சிக்காக ஃபேபியன் அவரை அமர்த்தியிருந்தார். முதற்பதிப்பின் பக்கங்களைப் படம் பிடித்துப் பெரிதாக்கித் தரும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. இருவரும் ஒரே முடிவுக்கு வந்தனர். 1917 மே மாதம் மணம் செய்துகொண்டனர்.

அதற்கு முந்தைய மாதத்தில்தான் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அந்நாட்டில் சங்கேதம் அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆகவே அரசு, பிடிபட்ட இரகசியத் தந்திகளை ரிவர்பாங்குக்கு அனுப்பியது. ஆசிரியர் என்று யாரும் இல்லை. பார்க்கர் ஹிட் என்ற இராணுவ அதிகாரி 1916 இல் வெளியிட்ட ஒரு கையேடும், வந்து குவிந்த தந்திகளும், பென்சிலும் கட்டம் போட்ட தாளும்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவார்கள். ஆங்கிலத்தில் ஈ என்னும் எழுத்தே மிகுதியாக வரும். ஆகவே சங்கேதத்தில் மிகுதியாக வரும் குறி எது என்று பார்த்தால் ஒரு நுனி அகப்படும். பிறகு எந்த எழுத்தை எது அடுத்து வருகிறது என்று பார்ப்பார்கள். எழுத்தெண்ணிப் படித்தல் என்று நம் முன்னோர் சொன்னதை உண்மையாகவே செய்தவர்கள் இவர்கள்!

அவ்வாறு வந்தவற்றுள் நம் நாட்டாரின் கடிதங்களும் இருந்தன. வெள்ளையர் ஆட்சியை வீழ்த்த ஜெர்மனியின் உதவியோடு அமெரிக்காவிலிருந்து முயன்ற இந்தியப் புரட்சியாளர்களின் மடல்கள் அவை. ஒரு புத்தகத்தின் பக்கத்தையும் வரியையும் எண்களால் குறித்து எழுதப்பட்டிருந்தன. அந்தப் புத்தகம் கையில் இல்லாமலேயே வில்லியம் அவற்றைப் படித்துக் காட்டி, நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். சான்பிரான்சிஸ்கோவில் நடந்த வழக்கு 1918 ஏப்ரலில், குற்றம் சாட்டப்பட்ட ராம் சந்திரா என்பவர் நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்தோடு முடிந்தது. இதைப் படிக்கையில் நம் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. பூட்டைத் திறக்கும் கலைக்கு யார் வீட்டுப் பூட்டு என்று தெரியாது. இத்துறைக்குப் போக விரும்பும் பெண்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி சுவையானது. பிரிட்டிஷார் புதிதாக ஒரு சங்கேதக் கருவியைச் செய்து, எவராலும் உடைக்க முடியாது என்ற நம்பிக்கையோடு ஐந்து சிறு செய்திகளைச் சோதனைக்கு அனுப்பினர். அதற்கு இரண்டு திறவுச்சொற்கள் வேண்டும். கருவியை அமைத்தவர் தம் வேலையோடு ஒட்டிய சொல்லையே வைத்திருப்பார் என்று ஊகித்து, சங்கேதம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வில்லியம் முதல் திறவாகக் கண்டுகொண்டார். இரண்டாவது அகப்படவில்லை. மனைவியை அழைத்து, கண்ணை மூடி மனத்தை வெறுமையாக்கச் சொல்லி, இந்தச் சொல்லைக் கேட்டதும் என்ன தோன்றுகிறது என்று கேட்டார். எலிசெபெத் இயந்திரம் என்ற பொருளுடைய சொல்லைச் சொன்னார். அதுவேதான்! மூன்று மணி நேரத்துக்குள் ஐந்து செய்திகளும் விடுவிக்கப்பட்டு இலண்டனுக்குத் தந்தி போயிற்று. கருவியில் குறையில்லை, திறவுச்சொல் வைத்த மனிதரிடத்தில்தான் குறை. பிறந்த நாளையும் செல்லப்பெயரையும் கடவுச்சொல்லாக வைப்பவர்கள் நம்மிலும் எத்தனை பேர்!

இராணுவ அதிகாரிகள் பலருக்கும் இத்தம்பதியர் பாடம் நடத்தினர். 1918 தொடக்கத்தில் அவர்களை நிறுத்தி ஒரு புகைப்படம் எடுத்தார்கள். சிலர் நேரே பார்க்கிறார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏனோதானோ என்று நின்ற கூட்டமாகத் தோன்றும். நேர்முகம் ஒரு வகை, திரும்பிய முகம் மற்ற வகை என்று பேக்கன் முறைப்படி படித்தால், அறிவே ஆற்றல் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் வரும். அதற்கு 80 பேர் வேண்டும். சிலர் குறைந்ததால் கடைசி எழுத்து முழுமை பெறவில்லை.

1920 இறுதியில் ரிவர்பாங்கை விட்டு இருவரும் வாஷிங்டன் சென்றனர். 1923 இல் மகள் பார்பராவும் 1926 இல் மகன் ஜானும் பிறந்தனர். இதற்கிடையே 1925 இல் கரையோரக் காவற்படை அவரைத் தேடி வந்தது. அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு நடப்பில் இருந்தது. கடத்தல்காரர்கள் கடலில் கப்பலை நிறுத்தி, வானொலியில் சங்கேதமாகப் பேசி, இரவில் சரக்கை இறக்கினர். தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் வேலை செய்வேன் என்ற ஏற்பாட்டோடு எலிசெபெத் ஒப்புக்கொண்டார். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பென்சில்! 1927 முதல் 1930 வரை மூன்றாண்டுகளில் ஏறக்குறைய 12,000 செய்திகள் விடுவிக்கப்பட்டன.

வேலை தனி ஒருவரால் தாங்கும் அளவைக் கடந்தது. 1931 இல் அவர் தலைமையில் ஒரு சிறு பிரிவு அமைந்தது. ஆயத்தமாகக் கற்றுத் தேர்ந்தவர்கள் கிடைப்பார்களா? இல்லை. இளைஞர்களைச் சேர்த்து அவரே அரிச்சுவடியிலிருந்து பழக்கினார். தாம் கற்ற விதம் அவருக்கு மறக்கவில்லை.

1933 இல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தில் ஒரு பெருங்கடத்தல் கூட்டத்தின் மீது வழக்கு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள், இந்த அம்மாள் சொல்வதெல்லாம் இவருடைய கற்பனையாக ஏன் இருக்கக் கூடாது என்ற வகையில் மடக்கப் பார்த்தனர். எலிசெபெத் நீதிபதியிடம் ஒரு கரும்பலகை கேட்டார். சாக்குக்கட்டியை எடுத்து, சங்கேதம் எப்படி அமைகிறது, எப்படி அவிழ்கிறது என்று வகுப்பெடுப்பது போல் படிப்படியாக எழுதிக் காட்டினார். முடிவில் கூட்டத்தின் தலைவர்கள் தண்டனை பெற்றனர். ரிவர்பாங்கில் கிடைத்த அளவுகோலை நினைத்துக்கொள்ளுங்கள். வேறொருவரும் அதே விடைக்கு வர முடியும் என்று காட்டியதுதான் அவருடைய வலிமை.

கனடாக் கொடி பறந்த ஐ ஆம் அலோன் என்ற கப்பலை 1929 இல் அமெரிக்கக் காவற்படை மூழ்கடித்துவிட, இரு நாடுகளுக்கும் பெரும் பிணக்கு ஏற்பட்டது. பெலீசுக்கும் நியூயார்க்குக்கும் இடையே போன 23 தந்திகளை எலிசெபெத் படித்துக் காட்டி, கப்பலின் உண்மைச் சொந்தக்காரர்கள் அமெரிக்கர்களே என்று வெளிப்படுத்தினார். பின்னர் கனடா அரசே, வான்கூவரில் அபின் கடத்திய கும்பலின் தந்திகளைப் படிக்க அவர் உதவியை நாடியது. அவை சீனமொழியில் அமைந்தவை. அவருக்குச் சீனம் தெரியாது. ஆயினும் சங்கேதத்தின் அமைப்பைப் பிரித்துவிட்டார்.

செய்தித்தாள்கள் அவர் புகழைப் பாடின. அது அவருக்கு வேண்டாத தொல்லையாகவே இருந்தது. ஆனால் அவருடைய மிகப் பெரிய பணியைப் பற்றி எந்தத் தாளும் எழுதவில்லை, எழுத முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஒற்றர்கள் பிரேசில், அர்ஜென்டினா முதலிய தென்னமெரிக்க நாடுகளில் வானொலிகளை நிறுவி, கப்பல் போக்குவரத்தைத் தங்கள் தலைமைக்குத் தெரிவித்து வந்தனர். அவற்றைக் கேட்டுப் படித்தது எலிசெபெத்தின் பிரிவு. எனிக்மா என்ற புகழ்பெற்ற ஜெர்மானியச் சங்கேத இயந்திரத்தின் மூன்று வகைகளை அப்பிரிவு உடைத்தது. 8,000க்கும் மேற்பட்ட வீரர்களுடன் 1942 மார்ச்சில் சென்ற குவீன் மேரி கப்பலைப் பற்றி ஒற்றர்கள் அனுப்பிய செய்திகளும் அப்படிப் பிடிபட்டவையே. கப்பல் நலமாகக் கரை சேர்ந்தது.

அதே மாதம் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையும் பிரேசில் காவல்துறையும் அவசரப்பட்டு அந்நாட்டு ஒற்றர்களைக் கைது செய்தன. தங்கள் மொழி வெளியாகிவிட்டது என்று மற்ற ஒற்றர்கள் உணர்ந்து சங்கேதங்களையெல்லாம் மாற்றிவிட்டனர். எலிசெபெத்தும் துணைவர்களும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினர். மறுபடி உடைத்தனர். எதிரி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது கைது செய்வதைவிடப் பயனுடையது என்பது அவர்களுக்குத் தெரியும். விளம்பரம் தேடியவர்களுக்குத் தெரியவில்லை. போர் முடிந்ததும் ஒற்றர்களைப் பிடித்த பெருமை முழுவதும் எட்கர் ஹூவரின் அப்புலனாய்வுத் துறைக்கே போயிற்று. இரகசியம் காப்பதாக உறுதி அளித்திருந்த எலிசெபெத் வாய் திறக்கவில்லை.

பொம்மைக்காரியின் கதையையும் விட்டுவிடக் கூடாது. நியூயார்க்கில் பொம்மைக் கடை வைத்திருந்த வெல்வலீ டிக்கின்சன் என்ற பெண், பொம்மைகளைப் பற்றி அர்ஜென்டினாவுக்குக் கடிதங்கள் எழுதினாள். பழுதுபார்க்கப் போன பொம்மை என்றால் பழுதுபட்ட போர்க்கப்பல் என்று பொருள். இதில் எண்ணுவதற்கு எழுத்தே இல்லை. சாதாரணப் பேச்சுக்குள் பொதிந்த மறைபொருள். அனுப்பியவர் பெயராக யார் யாரோ வாடிக்கையாளர்களின் பெயரைப் போட்டிருந்தாள். உரியவரைச் சேராத கடிதங்கள் அவர்களிடம் திரும்பி வர, குட்டு உடைந்தது. அரசுத் தரப்புக்கு அக்கடிதங்களின் பொருளை ஆராய்வதில் எலிசெபெத் உதவினார். 1944 இல் அவளுக்குப் பத்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

போருக்குப் பின் பன்னாட்டு நாணய நிதியம் தன் செய்திகளைப் பாதுகாக்க ஓர் ஏற்பாடு வேண்டுமென்று அவரை நாடியது. இத்தனை காலம் பூட்டுகளைத் திறந்தவர் இப்போது பூட்டுச் செய்யத் தொடங்கினார். எந்தப் பூட்டு எப்படித் திறக்கும் என்று அறிந்தவரைவிட அதற்குத் தகுந்தவர் யார்?

1957 இல் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் சங்கேதம் இருப்பதாகச் சொன்ன கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்துப் பார்த்து, எதுவும் தேறாது என்று காட்டினர். ஃபேபியனும் கேலப் அம்மையாரும் அதற்குள் மறைந்துவிட்டனர். மூதாட்டியைப் பற்றி அந்நூலில் இழிவாக ஒரு சொல்லும் இல்லை. நாற்பதாண்டுகளாக உள்ளத்தில் கிடந்த கணக்கு அது.

வில்லியம் பெரும் புகழ் பெற்றாலும், மனச்சோர்வு நோயால் பல ஆண்டுகள் துன்புற்றார். அவரைத் தாங்கி நின்றவர் எலிசெபெத்தே. 1969 நவம்பரில் கணவர் மறைந்தார். அதன்பின் அவர் விட்டுச்சென்ற நூல்களையும் தாள்களையும் வரிசைப்படுத்தி, வர்ஜீனியா மாநிலத்து மார்ஷல் நூலகத்தில் சேர்ப்பதில் முனைந்தார். தம் தாள்களையும் அங்கேயே சேர்த்தார். 1980 அக்டோபர் 31 ஆம் நாள், 88 ஆம் வயதில் காலமானார். அவருடைய பிரிவு போர்க்காலத்தில் செய்த பணியைக் காட்டும் ஆவணங்களை அரசு வெளியிட்டது 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகே.

இருவரும் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் ஒரே கல்லின்கீழ் துயில்கின்றனர். அக்கல்லில், பழைய புகைப்படத்தில் இருந்த அதே அறிவே ஆற்றல் என்னும் தொடர் வெட்டப்பட்டுள்ளது. அதன் எழுத்துகளில் சிலவற்றுக்கு நுனியில் சிறு கொம்பு இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. கல்தச்சர் கவனக்குறைவு என்றே எவரும் நினைப்பர். அரை நூற்றாண்டு அளவு அப்படியே கிடந்தது. 2017 இல் சங்கேத ஆர்வலர் ஒருவர் அந்த எழுத்துகளை ஐந்தைந்தாகப் பிரித்துப் பேக்கன் முறையில் படித்துப் பார்த்தார். வில்லியத்தின் பெயரின் மூன்று முதலெழுத்துகள் வந்தன.